பி.பி. மாத்திரை ஒத்துக்கொள்ளாதபோது

ரத்தக் கொதிப்பு இருப்பவருக்குப் பெரும்பாலும் உடம்பில் ஒன்றும் தெரியாது. தலை வலிக்காது, மூச்சு வாங்காது. தோட்டத்துக்குப் போய் மடை திருப்பிவிட்டு வருவார், தறி ஓட்டுவார், கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்து திருப்தியாகச் சாப்பிடுவார். வேறு எதற்கோ டாக்டரிடம் போன இடத்தில் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, 170 இருக்கிறது என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுப்பார்கள். அதைப் போட ஆரம்பித்து மூன்று நான்கு வாரத்தில் கால் வீங்கும், இல்லாவிட்டால் வறட்டு இருமல் பிடித்துக்கொள்ளும். "மாத்திரை போடறதுக்கு முன்னாடி நல்லாத்தானுங்க இருந்தேன்" என்பார். கொங்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடையில் நின்று மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவன் நான். இந்த வார்த்தையைக் கேட்காத வாரமே கிடையாது.

அவர் சொல்வது உண்மைதான். நோய் அவரைத் தொந்தரவு செய்யவில்லை, மருந்துதான் செய்கிறது. அதனால் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறார். அடுத்த முறை டாக்டர் பார்க்கும்போது பிரஷர் ஏறியிருக்கும். நிறுத்திய விஷயம் டாக்டருக்குத் தெரியாது, மருந்து போதவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டுவார். கூட்டியதை இவர் வாங்கிப் போட்டால் தொந்தரவும் கூடும். இந்தச் சுற்றில் மாட்டிக்கொண்டு பல வருடம் போனவர்கள் இருக்கிறார்கள். ஒருநாள் வாய் கோணிப்போன பிறகுதான் வீட்டில் இருப்பவர்களுக்கே தெரியவரும்.

பிரஷரின் மேல் அளவு 10 குறைந்தாலே பக்கவாதம் வரும் வாய்ப்பு ஏறத்தாழ கால் பங்கு குறைகிறது. அதனால் மாத்திரையை விட்டுவிடுவது வழியே அல்ல. அதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு தொந்தரவைப் பொறுத்துப் போக வேண்டும் என்றும் யாரும் சொல்லவில்லை. பிரஷருக்கு ஒரே ஒரு மருந்துதான் என்று நினைப்பதால்தான் இந்த இக்கட்டு. ஐந்தாறு வகை மருந்துகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தொந்தரவு. ஒன்று ஒத்துக்கொள்ளாவிட்டால் இன்னொன்று ஒத்துக்கொள்ளும். எந்த மாத்திரையால் எது வருகிறது என்று தெரிந்துவிட்டால், டாக்டரிடம் போய்ச் சரியாகச் சொல்லி மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் இந்த மருந்துகள் என்ன செய்கின்றன என்று பார்ப்போம். தோட்டத்து மோட்டாரையும் அதிலிருந்து போகிற ஹோஸையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஹோஸில் அழுத்தம் அதிகமாக இருந்தால் குறைப்பதற்கு மூன்று வழி. ஓடுகிற தண்ணீரைக் குறைக்கலாம், மோட்டாரின் வேகத்தைக் குறைக்கலாம், ஹோஸை அகலமாக்கலாம். ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன், இண்டபமைடு போன்ற நீர் மாத்திரைகள் முதல் வழியில் வேலை செய்கின்றன. அட்டெனோலால், மெட்டோபிரலால் போன்றவை இதயத் துடிப்பின் வேகத்தைக் குறைக்கின்றன. அம்லோடிபின், எனலாபிரில், டெல்மிசார்டன் எல்லாம் வெவ்வேறு விதத்தில் ரத்தக் குழாயைத் தளர்த்துகின்றன. பெயரின் கடைசியைப் பார்த்தாலே வகை பிடிபடும். 'டிபின்' என்று முடிந்தால் ஒரு குடும்பம், 'பிரில்' இன்னொன்று, 'சார்டன்' மற்றொன்று, 'லால்' என்று முடிவது துடிப்பைக் குறைக்கிற குடும்பம்.

கால் வீக்கம்

எங்கள் கடைக்கு வரும் புகார்களில் அதிகம் இதுதான். காரணம் பெரும்பாலும் அம்லோடிபின். நல்ல மருந்து, விலை குறைவு, அரசு சுகாதார நிலையங்களிலும் சர்வ சாதாரணமாகக் கொடுப்பது. அதனாலேயே அதைப் போடுகிறவர்களும் அதிகம், கால் வீங்குகிறவர்களும் அதிகம். 5 மில்லிகிராமில் சிலருக்கு வரும், 10 மில்லிகிராமுக்குப் போனால் இன்னும் பலருக்கு வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம்.

வீக்கம் எப்படி இருக்கும் என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. இரண்டு கணுக்காலும் சேர்ந்து வீங்கும். காலையில் எழும்போது அவ்வளவாக இருக்காது, பொழுதோடு பார்த்தால் செருப்பு வார் பதிந்த தடம் ஆழமாகத் தெரியும். கணுக்காலுக்கு மேலே எலும்பின்மீது கட்டை விரலால் கொஞ்ச நேரம் அழுத்திவிட்டு எடுத்தால் குழி விழுந்து, மெதுவாக மேலே வரும். வலி பெரிதாக இருக்காது. நாள் முழுக்க நின்றுகொண்டே தறி பார்க்கிறவர்களுக்கும், பனியன் கம்பெனியில் ஒரே இடத்தில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து தைக்கிறவர்களுக்கும் இது கூடுதலாகத் தெரியும்.

உடம்பில் உப்பும் நீரும் தேங்கியதால் வருகிற வீக்கம் இல்லை இது. இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுவரும் நுண்ணிய குழாய்களை அம்லோடிபின் நன்றாகத் திறந்துவிடுகிறது. திரும்பிப் போகிற பக்கத்துக் குழாய்கள் அந்த அளவுக்குத் திறப்பதில்லை. நடுவில் மாட்டிக்கொண்ட நீர் சதைக்குள் கசிந்து, கீழ்ப்பக்கமாகக் கணுக்காலில் வந்து சேர்கிறது. இதைப் புரிந்துகொண்டால் இன்னொரு பெரிய தவறைத் தவிர்க்கலாம். கால் வீங்குகிறது என்றதும் யாராவது ஒருவர் நீர் மாத்திரை வாங்கிப் போடச் சொல்வார். இந்த வீக்கத்துக்கு நீர் மாத்திரையால் பெரிய பலன் இல்லை. சிறுநீர் மட்டும் அடிக்கடி போகும், உடம்பில் சோடியமும் பொட்டாசியமும் இறங்கும், களைப்பு வரும், அந்தக் களைப்புக்கு ஒரு டானிக் வாங்குவார்கள். ஒரு மாத்திரையின் தொந்தரவுக்கு இன்னொரு மாத்திரை, அதன் தொந்தரவுக்கு மூன்றாவது என்று போவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். புதிதாக ஒரு தொந்தரவு வந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, சமீபத்தில் எந்த மாத்திரை புதிதாகச் சேர்ந்தது அல்லது எதன் அளவு கூடியது என்பதுதான்.

இதற்கு நல்ல வழிகள் இருக்கின்றன. அளவைக் குறைக்கலாம். அதே குடும்பத்தில் சில்னிடிபின் என்று ஒன்று உண்டு, அதில் வீக்கம் குறைவு. அம்லோடிபினின் அளவைக் குறைத்து அதோடு ஒரு 'சார்டன்' சேர்த்தால் வீக்கமும் தணியும், பிரஷரும் அடங்கும், ஏனென்றால் அது திரும்பிப் போகிற பக்கத்துக் குழாயையும் தளர்த்துகிறது. எதைச் செய்வது என்று முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர். ஆனால் இப்படியெல்லாம் வழி இருக்கிறது என்று தெரிந்தால்தான் நாம் போய்க் கேட்போம்.

சந்தை நாளில் ஓர் அம்மா வந்து, "கொலுசு ஏற மாட்டேங்குது கண்ணு, இதுக்கு ஒரு மாத்தரை குடு" என்று கேட்டார். என்னவெல்லாம் போடுறீங்க என்று கேட்டதும், முந்தானை முடிச்சிலிருந்து இரண்டு அட்டைகளை எடுத்துக் காட்டினார். ஒன்று வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்த அரசு மாத்திரை, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தருவது. அது அம்லோடிபின். இன்னொன்று, மகன் டவுனுக்குக் கூட்டிப் போய்க் காட்டிய இடத்தில் எழுதித் தந்தது, டெல்மிசார்டனும் அம்லோடிபினும் சேர்ந்த மாத்திரை. வெளியே வேறு பெயர், வேறு நிறம். அட்டையைத் திருப்பிச் சின்ன எழுத்தைப் படித்தால் இரண்டிலும் அம்லோடிபின். நாளுக்கு 5 என்று இரண்டு பேர் எழுதியது வயிற்றுக்குள் போய் 10 ஆகிவிட்டது. இரண்டு அட்டையையும் அப்படியே கொண்டுபோய் டாக்டரிடம் காட்டச் சொல்லி அனுப்பினேன். அவர் ஒன்றை நிறுத்தினார், வீக்கம் வடிந்துவிட்டது.

ஆகவே அட்டையின் பின்பக்கத்தைப் படிக்கிற பழக்கம் வேண்டும். நமக்குப் படிக்கத் தெரியாவிட்டால் பேரப்பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லலாம், மருந்துக்கடையில் கேட்கலாம். பல மாத்திரைகளின் பெயருக்குப் பின்னால் 'ஏஎம்' என்று இருந்தால் அதில் அம்லோடிபின் சேர்ந்திருக்கிறது, 'ஹெச்' என்று இருந்தால் நீர் மாத்திரை சேர்ந்திருக்கிறது. இலவச மாத்திரையும் விலைக்கு வாங்கிய மாத்திரையும் ஒரே மருந்தாக இருக்கலாம்.

எல்லாக் கால் வீக்கமும் மாத்திரையால் வருவதில்லை. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் ரத்தக் கட்டியாக இருக்கக்கூடும். வீக்கத்தோடு மூச்சு வாங்கினால், படுத்தால் மூச்சு முட்டினால் இதயத்தைப் பார்க்க வேண்டும். காலையில் எழும்போது முகமும் கண்ணும் உப்பியிருந்தால் கிட்னியைப் பார்க்க வேண்டும். இவற்றில் எதற்கும் நாள் கடத்தக் கூடாது.

அம்லோடிபினில் சிலருக்கு ஈறு தடிப்பதும் உண்டு. பல் துலக்கும்போது ரத்தம் வந்தால் பல் டாக்டரிடம் இந்த மாத்திரையின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வறட்டு இருமல்

'பிரில்' குடும்பத்தின் தொந்தரவு இது. எனலாபிரில், ராமிபிரில், லிசினோபிரில், பெரிண்டோபிரில் எல்லாம் இதில் அடக்கம். சளி வராது, காய்ச்சல் இருக்காது, தொண்டையில் ஏதோ உறுத்திக்கொண்டே இருப்பதுபோல் இருந்து, படுத்தால் அதிகமாகும். 100 பேரில் 5 முதல் 20 பேருக்கு இது வருகிறது. சிலருக்கு முதல் வாரத்திலேயே வரும், சிலருக்குப் பல மாதம் கழித்து வரும், அதனால்தான் மாத்திரையைச் சந்தேகப்படவே தோன்றுவதில்லை. இந்த மாத்திரை தடுக்கிற நொதிக்கு இன்னொரு வேலையும் உண்டு, பிராடிகைனின் என்ற பொருளை உடைப்பது. அது உடையாமல் மூச்சுக்குழாயில் சேர்ந்துபோவதுதான் இருமலைத் தூண்டுகிறது.

எங்கள் ஊர்ப்பக்கம் இதில் ஒரு சிக்கல் கூடுதலாக இருக்கிறது. ஸ்பின்னிங் மில்லிலும் தறிக் கொட்டகையிலும் வேலை செய்கிறவர்களுக்கு இருமல் வந்தால் "பஞ்சுத் தூசிங்க" என்று அதன்மேல் போட்டுவிடுவார்கள். தூசியாலும் இருமல் வரும்தான். ஆனால் விடுமுறையில் ஊருக்குப் போய்ப் பத்து நாள் இருந்தும் இருமல் குறையவில்லை, மாத்திரையின் பெயர் 'பிரில்' என்று முடிகிறது என்றால், டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். 'சார்டன்' குடும்பத்துக்கு மாற்றினால் வேலை கிட்டத்தட்ட அதேதான், இந்த இருமல் பெரும்பாலும் வராது. மாற்றிய மறுநாளே நின்றுவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒன்று முதல் நான்கு வாரம் ஆகும், சிலருக்கு மூன்று மாதம்கூட ஆகலாம். இரண்டு வாரத்துக்கு மேல் எந்த இருமல் இருந்தாலும் சளிப் பரிசோதனை செய்து காச நோய் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொள்வதும் அவசியம். மாத்திரைமேல் பழியைப் போட்டுவிட்டு அதைத் தவறவிடக் கூடாது.

அதிமதுரத்தைப் பற்றி இங்கே சொல்லியே ஆக வேண்டும். இருமல் என்றால் நம் வீடுகளில் முதலில் நாட்டு மருந்துக்கடையில் அதிமதுரம் வாங்கி வாயில் அடக்கிக்கொள்வோம், கஷாயம் வைத்தும் குடிப்போம். ஓரிரு நாளைக்குப் பரவாயில்லை. தினமும் வாரக்கணக்கில் எடுத்தால் அதில் இருக்கும் ஒரு பொருள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கிப் பிரஷரை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். பிரஷர் மாத்திரையால் வந்த இருமலுக்குப் பிரஷரை ஏற்றுகிற வேரை மெல்வதாக ஆகிவிடும். மூக்கடைப்புக்குக் கடையில் கேட்டு வாங்கும் சளி மாத்திரைகளிலும் ஃபீனைலெஃப்ரின் போன்ற மருந்து இருக்கும், அதுவும் பிரஷரை ஏற்றும். எனக்குப் பிரஷர் இருக்கிறது என்று சொல்லிவிட்டு எதையும் வாங்குங்கள்.

வேர், இலை என்றால் பக்கவிளைவே கிடையாது என்ற நம்பிக்கை இங்கே ஆழமாக இருக்கிறது. உலகம் முழுக்கப் பிரஷருக்குப் பயன்பட்ட ஆரம்ப கால மருந்துகளில் ஒன்றே நம் நாட்டு சர்ப்பகந்தா வேரிலிருந்து வந்ததுதான். மும்பை டாக்டர் ருஸ்தம் ஜால் வகீல் 1949இல் அதைப் பற்றிப் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதினார், 1952இல் அதிலிருந்து ரிசர்பின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். பிரஷர் இறங்கியது, கூடவே சிலருக்கு மன அழுத்தமும் வந்தது. அதனாலேயே இப்போது அதை அவ்வளவாக எழுதுவதில்லை. வேரோ மாத்திரையோ, உடம்பில் வேலை செய்கிற எதற்கும் இன்னொரு பக்கம் இருக்கும்.

நீர் மாத்திரையும் வெயிலும்

நீர் மாத்திரையைக் காலையில் போட வேண்டும். ராத்திரி போட்டால் தூக்கம் போய்விடும், இருட்டில் எழுந்து நடந்து விழவும் வாய்ப்பு உண்டு. ஈரோட்டிலிருந்து கோயமுத்தூருக்குப் பஸ்ஸில் போகிற நாளில் வழியில் சிறுநீர் முட்டுமே என்று சிலர், அதிலும் பெண்கள், மாத்திரையையே விட்டுவிடுகிறார்கள், இல்லாவிட்டால் தண்ணீர் குடிக்காமல் கிளம்புகிறார்கள். அந்த ஒரு நாள் ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகு போட்டுக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் ஒரு முறை கேட்டு வைத்துக்கொண்டால் தீர்ந்தது.

ஈரோடு, கரூர்ப் பக்கம் சித்திரை வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அந்த வெயிலில் மஞ்சள் காயப் போடுகிறவரும், தகரக் கொட்டகைக்குள் தறி ஓட்டுகிறவரும் வியர்வையாகவே நிறைய நீரையும் உப்பையும் இழக்கிறார்கள். மேலே நீர் மாத்திரையும் சேர்ந்தால் பிரஷர் தேவைக்கு மேல் இறங்கும். கண் இருட்டும், கெண்டைக்கால் சதை பிடித்து இழுக்கும். குளிர் மாதத்தில் ஒத்துக்கொண்ட அளவு கோடையில் அதிகமாக இருக்கலாம் என்பதால், கோடையில் ஒரு தடவை பிரஷர் பார்த்து டாக்டரிடம் காட்டுவது நல்லது.

வயதான பெண்களுக்கு நீர் மாத்திரையால் சோடியம் வெகுவாக இறங்குவது உண்டு. ஆத்தா நேற்றுவரை நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார், இன்று ஆள் அடையாளம் தடுமாறுகிறது, எந்நேரமும் தூங்கி வழிகிறார் என்றால் வயசாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், சரியும் செய்துவிடலாம். யூரிக் அமிலம் ஏறிக் கால் கட்டை விரல் திடீரென்று சிவந்து வீங்கி வலிப்பதும், சர்க்கரை கொஞ்சம் கூடுவதும் இதே மாத்திரையின் மற்ற தொந்தரவுகள்.

வாந்தி பேதி வந்த நாளில் நீர் மாத்திரையையும் 'பிரில்', 'சார்டன்' மாத்திரைகளையும் வழக்கம்போல் போட்டால் கிட்னிக்குச் சுமை அதிகம். அந்த நாட்களில் எதை நிறுத்தி வைப்பது, எப்போது திரும்பத் தொடங்குவது என்று நன்றாக இருக்கும்போதே டாக்டரிடம் கேட்டு, சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இளநீர் குடிக்கலாமா

பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் இதைக் கேட்காமல் போகமாட்டார்கள். வீட்டைச் சுற்றித் தென்னந்தோப்பை வைத்துக்கொண்டு இளநீர் வேண்டாம் என்றால் எப்படி?

இளநீரில் பொட்டாசியம் நிறைய இருக்கிறது. கிட்னி நன்றாக இருப்பவருக்கு அது நல்லதுதான். டெல்மிசார்டன், லோசார்டன், எனலாபிரில், ராமிபிரில் எல்லாம் பொட்டாசியத்தை உடம்பில் கொஞ்சம் தங்க வைக்கிற மருந்துகள், ஸ்பைரோனோலாக்டோன் இன்னும் அதிகமாகத் தங்க வைக்கும். கிட்னி பழுதில்லாதவர் இந்த மாத்திரை போட்டுக்கொண்டு அவ்வப்போது ஓர் இளநீர் குடித்தால் பயப்பட வேண்டியதில்லை. நீண்ட நாள் சர்க்கரை நோயாலோ வேறு காரணத்தாலோ கிட்னி தளர்ந்தவர், அதாவது கிரியாட்டினின் ஏறிவிட்டது என்று சொல்லப்பட்டவர், இதே மாத்திரையோடு தினமும் இரண்டு மூன்று இளநீர் குடித்தால் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். அது வெளியே எதையும் காட்டாமல் ஏறி, இதயத் துடிப்பையே குலைத்துவிடும். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்கிறார்களே, அதில் பாதிக்குப் பாதிகூடப் பொட்டாசியம் இருக்கும் வகைகள் உண்டு. அதற்கும் இதே எச்சரிக்கை.

'பிரில்', 'சார்டன்' எதைத் தொடங்கினாலும், அளவைக் கூட்டினாலும் இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். டாக்டர் எழுதிக் கொடுத்தும் "அடுத்த தடவை பாத்துக்கலாமுங்க" என்று தள்ளிப்போடுகிறவர்கள்தான் அதிகம். இளநீரைப் பற்றிய கேள்விக்குச் சரியான பதில் அந்த ரிப்போர்ட்டில்தான் இருக்கிறது.

கிட்னிக்கு இளநீரைவிடப் பெரிய எதிரி வலி மாத்திரை. முட்டி வலி, இடுப்பு வலி என்று டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் வாங்கித் தினமும் போடுகிறவர்கள் எங்கள் பக்கம் ஏராளம். இவை பிரஷரை ஏற்றும், பிரஷர் மாத்திரையின் வேலையைக் கெடுக்கும். 'சார்டன்' அல்லது 'பிரில்' ஒன்று, நீர் மாத்திரை ஒன்று, அதோடு இந்த வலி மாத்திரை என்று மூன்றும் சேர்ந்தால் கிட்னி திடீரென்று செயலிழக்கக்கூடும். வலிக்குப் பாராசிட்டமால் போதுமா என்று முதலில் கேளுங்கள். எவ்வளவு கெஞ்சினாலும் நான் சீட்டு இல்லாமல் டைக்ளோஃபெனாக் கொடுப்பதில்லை, அதில் மட்டும் யாரோடும் எனக்குச் சமரசம் கிடையாது.

எழுந்ததும் கிறுகிறுப்பு

மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களில் இது யாருக்கும் வரலாம். பல வருடம் 170இல் பழகிப்போன உடம்புக்கு 130 புதிது. பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். அதுவரை கட்டிலிலிருந்து சட்டென்று எழாமல், உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டுக் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழ வேண்டும். ராத்திரி பாத்ரூம் போகும் வழியில் ஒரு விளக்கு எரியட்டும். பிராசோசின் என்ற மருந்தின் முதல் மாத்திரையில் பிரஷர் படாரென்று இறங்குவது உண்டு, அதனால் அதைப் படுக்கப் போகும்போது போடச் சொல்வார்கள்.

வாரக்கணக்கில் கிறுகிறுப்பு போகவில்லை என்றால் நிற்கும்போது பிரஷர் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். உட்கார்ந்து பார்த்ததைவிட, நின்று மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் மருந்தைத் திருத்த வேண்டும். வயதானவர்களுக்கு இடுப்பெலும்பு முறிவது பல நேரம் இப்படி விழுந்துதான்.

வீட்டில் மெஷின் இருந்தால் மிகவும் நல்லது. ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கையை நெஞ்சு உயரத்தில் வைத்து, பேசாமல் பார்க்க வேண்டும். காப்பி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். கிறுகிறுப்பு வரும் நேரத்து அளவைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். "ஒரு மாதிரியா இருக்குதுங்க" என்று சொல்வதைவிட அந்த நோட்டு டாக்டருக்கு நூறு மடங்கு உதவும்.

சொல்லத் தயங்குவது

அட்டெனோலால், மெட்டோபிரலால் வகையில் களைப்பு, கை கால் சில்லிடுவது, நாடித் துடிப்பு குறைவது எல்லாம் வரும். வீசிங் இருப்பவருக்கு இந்த வகை பெரும்பாலும் ஆகாது. சர்க்கரைக்கு ஊசி போடுகிறவருக்குச் சர்க்கரை இறங்கும்போது வருகிற படபடப்பை இது மறைத்துவிடும். எல்லாவற்றையும்விட முக்கியம், இதைத் திடீரென்று நிறுத்தவே கூடாது. நிறுத்தினால் துடிப்பும் பிரஷரும் எகிறும், இதய நோய் உள்ளவருக்கு நெஞ்சு வலியே வரலாம். குளோனிடின் என்ற மருந்தும் அப்படித்தான். மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே வாங்கி வைத்துவிட வேண்டும்.

ஆண்கள் வாய் திறக்காத விஷயம் ஒன்று உண்டு. தாம்பத்தியத்தில் விறைப்புக் குறைவு. நீர் மாத்திரையாலும், 'லால்' வகையில் சிலவற்றாலும் வரலாம். கட்டுப்படாத பிரஷரும் சர்க்கரையும் புகையும் இதைவிட அதிகமாகவே கெடுக்கும். பயத்துக்கும் இதில் பெரிய பங்கு இருக்கிறது. இத்தாலியில் இதய நோய் புதிதாகக் கண்டறியப்பட்ட 96 ஆண்களுக்கு அட்டெனோலால் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2003இல் வெளியானது. என்ன மருந்து என்றே தெரியாதவர்களில் 100க்கு 3 பேர்தான் இந்தத் தொந்தரவைச் சொன்னார்கள். மருந்தின் பெயர் மட்டும் தெரிந்தவர்களில் 16 பேர். இப்படி ஒரு பக்கவிளைவு உண்டு என்றும் சொல்லப்பட்டவர்களில் 31 பேர். தொந்தரவு கற்பனை என்று இதற்கு அர்த்தம் இல்லை, மனதின் கலக்கமும் உடம்பில் வேலை செய்கிறது என்று அர்த்தம். 'சார்டன்' வகையில் இந்தத் தொந்தரவு இல்லை என்றே சொல்லலாம், மாற்றிக் கேட்கலாம். தனியாக டாக்டரைப் பார்த்து ஒரு வரி சொன்னால் போதும், அவர் தினமும் கேட்கிற விஷயம்தான் இது. வெட்கப்பட்டுக்கொண்டு கடையில் சில்டெனாஃபில் வாங்கிப் போடுவது ஆபத்து. நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை எடுப்பவருக்கு அது உயிரையே வாங்கிவிடும்.

டாக்டரிடம் எப்படிச் சொல்வது

கூட்டமான ஓ.பி.யில் இரண்டு நிமிடம்தான் கிடைக்கும். "இந்த மாத்திரை ஆரம்பிச்சு மூணு வாரத்துல இது ஆரம்பிச்சுதுங்க, பொழுதோட அதிகம், இதுக்கு வேற மாத்திரை இருக்குதுங்களா?" என்று கேளுங்கள். எல்லா மாத்திரை அட்டைகளையும், நாட்டு மருந்து, சூரணம் உட்பட, ஒரே பையில் போட்டுக் கொண்டுபோங்கள். மாத்திரையை விட்டிருந்தால் விட்டேன் என்று சொல்லிவிடுங்கள், திட்டினாலும் பரவாயில்லை. அவர் அடுத்து எழுதப்போவது அந்தத் தகவலை நம்பித்தான்.

அளவைக் குறைத்தால் பலனும் பாதியாகிவிடுமே என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலான பிரஷர் மருந்துகளில் பாதி அளவிலேயே முழு அளவின் ஐந்தில் நான்கு பங்கு பலன் கிடைத்துவிடுகிறது, ஆனால் தொந்தரவு நிறையக் குறைகிறது. அதனால்தான் ஒரே மருந்தை ஏற்றிக்கொண்டே போவதைவிட இரண்டு மருந்தைக் குறைந்த அளவில் சேர்த்துக் கொடுக்கிறார்கள். மாத்திரை இரண்டாகிவிட்டதே, நோய் முற்றிவிட்டதா என்று கேட்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். காலையா ராத்திரியா என்ற கேள்விக்கும் பதில் கிடைத்திருக்கிறது. பிரிட்டனில் 21,000 பேருக்கு மேல் கலந்துகொண்ட ஆய்வு 2022இல் வெளிவந்தது, எந்த நேரம் போட்டாலும் மாரடைப்பு, பக்கவாதத்தைத் தடுப்பதில் வித்தியாசம் இல்லை என்று தெரிந்தது. காலையில் போட வேண்டிய நீர் மாத்திரையைத் தவிர மற்றவற்றை, எந்த நேரத்தில் மறக்காமல் போட முடியுமோ, எப்போது தொந்தரவு குறைவோ, அந்த நேரத்துக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்கலாம்.

உப்பைக் குறைத்தால் மருந்தின் அளவும் குறைய வழி இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளுக்கு 5 கிராமுக்குள், ஒரு டீஸ்பூன் அளவு. அரிசிம்பருப்புச் சோற்றில் போடும் உப்பு குறைவுதான், தொட்டுக்கொள்ளும் அப்பளமும் ஊறுகாயும்தான் கணக்கை ஏற்றுகின்றன. தினமும் பேக்கரியில் டீயோடு தின்னும் மிக்சரும் முறுக்கும் அதே கணக்கில்தான் சேரும்.

கர்ப்பமாக இருப்பவர், குழந்தைக்குத் திட்டமிடுபவர் 'பிரில்', 'சார்டன்' எதையும் போடக் கூடாது, வயிற்றில் இருக்கும் பிள்ளையின் கிட்னியைப் பாதிக்கும். நாள் தள்ளிப்போனது தெரிந்த உடனே டாக்டரிடம் சொன்னால் லேபட்டலால், மெத்தில்டோபா, நிஃபெடிபின் என்று மாற்றித் தருவார்.

உதடு, நாக்கு, தொண்டை வீங்கினால், மயங்கி விழுந்தால், நெஞ்சு வலித்தால், ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கொண்டால் அல்லது பேச்சு குழறினால் உடனே 108ஐக் கூப்பிடுங்கள். 'பிரில்' மாத்திரையில் நாக்கு வீக்கம் அரிதாகத்தான் வரும், ஆனால் வந்தால் மூச்சை அடைத்துவிடும். அப்படி ஒரு முறை வந்தவர் அந்தக் குடும்பத்து மாத்திரையை வாழ்நாளில் மறுபடி தொடக் கூடாது. அதை எல்லா மருந்துச் சீட்டிலும் எழுதி வைக்கச் சொல்ல வேண்டும்.

மருந்தால் வந்த எந்தத் தொந்தரவையும் நாமே அரசுக்குத் தெரிவிக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. 2010இல் தொடங்கிய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024. கூப்பிடும்போது மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், மருந்தின் பெயர், பேட்ச் எண், எப்போது தொடங்கினீர்கள், என்ன தொந்தரவு, எத்தனை நாளாக என்று கேட்பார்கள்.